'இன்று மட்டும்' என்றால் எழுந்து வாருங்கள்

(தேசிய நுகர்வோர் நாளையொட்டி, கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1986ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அந்த நாளையே ஆண்டுதோறும் தேசிய நுகர்வோர் நாளாகக் கடைப்பிடிக்கிறோம். வழக்கமாக இந்த நாளில் எடைக்கல், கலப்படம், காலாவதியான மருந்து என்று பேசுவோம். இவை கண்ணுக்குத் தெரிகிற குறைகள். தராசைத் திரும்ப நிறுத்தச் சொல்லலாம், பொட்டலத்தைத் திருப்பித் தேதியைப் பார்க்கலாம். இன்று நான் பேச வந்திருப்பது அப்படிப் பார்க்க முடியாத ஒரு சரக்கைப் பற்றி. ஒரே மாலையில் விற்று முடித்து, ஐந்து, பத்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒரு குடும்பத்தைக் கட்டிப்போடும் விடுமுறைக் கழக உறுப்பினர் திட்டம் அது.

அது எப்படி வீட்டுக்குள் வருகிறது என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். பொருட்காட்சியிலோ, மாலிலோ, பெட்ரோல் பங்கிலோ ஒரு குலுக்கல் கூப்பனில் பெயரும் செல்பேசி எண்ணும் எழுதிப் போட்டிருப்போம். சில வாரம் கழித்து அழைப்பு வரும். "சார், உங்க கூப்பனுக்குப் பரிசு விழுந்திருக்கு. மூணு பகல், ரெண்டு ராத்திரி தங்குற வவுச்சர். ஞாயிற்றுக்கிழமை ஓட்டலுக்கு வந்து வாங்கிக்கணும். மேடமும் கண்டிப்பா வரணும்." அழைத்தவர் 'விற்பனை' என்ற சொல்லையே சொல்லமாட்டார். பரிசு வாங்கப் போகிறோம் என்று எண்ணித்தான் குடும்பம் கிளம்புகிறது.

மேடமும் கண்டிப்பாக வரவேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்? பெரிய செலவு எதுவானாலும் நம் வீடுகளில் ஒருவர் மற்றவரிடம் கேட்டுத்தான் முடிவெடுப்போம். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்பது நம் எல்லாருக்கும் கைவந்த, மரியாதையான மறுப்பு. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துவிட்டால் அந்த மறுப்புக்கு இடமில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டு மூலையும் வண்ணப் பென்சிலும் கொடுத்து அழைத்துப் போய்விடுவார்கள். அழுகிற பிள்ளையைக் காரணம் காட்டி எழுந்து வரவும் முடியாது. அந்த அறையில் நடக்கும் ஒவ்வொன்றும் யோசிக்கிற நேரத்தை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வதற்காகவே அமைக்கப்பட்டது. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதற்கான விளக்கங்கள்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விடுமுறைத் தங்குமிடத்தைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் ஏற்பாடு தன்னளவில் மோசடி அல்ல. 1960களில் ஐரோப்பாவில் பிறந்த தொழில் இது. சுவிட்சர்லாந்தின் ஹாபிமாக் நிறுவனம் 1963இல் தொடங்கியது. ஓர் ஊரில் இடம் வாங்கியவர் இன்னோர் ஊரில் மாற்றித் தங்க வழிசெய்யும் ஆர்.சி.ஐ. 1974இல் அமெரிக்காவில் தோன்றியது. நம் நாட்டில் 1980களின் நடுவில் சென்னையிலிருந்துதான் இது பெரிதாகக் கிளம்பியது. கொடைக்கானல், ஊட்டி, மூணாறு மலைகளில் எழுந்த பல விடுதிகள் இந்த உறுப்பினர் பணத்தில் கட்டப்பட்டவை. ஆண்டுதோறும் தவறாமல் விடுப்பு எடுத்து, முன்கூட்டியே திட்டமிட்டு, ஒரே மாதிரியான விடுதிகளில் தங்க விரும்பும் குடும்பங்கள் இதனால் பயன் பெற்றிருக்கின்றன. எந்த நிறுவனத்தையும் பெயர் சொல்லிக் குறை கூற நான் வரவில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். சொந்தமாக விடுதி கட்டி நடத்துகிறவர்கள் ஒரு வகை. சொந்தமாக ஓர் அறைகூட இல்லாமல், பிறருடைய ஓட்டல்களில் இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லி உறுப்பினர் சேர்க்கும் சிறு கழகங்கள் இன்னொரு வகை. மேடையில் காட்டும் படம் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இனி அந்த அறைக்குள் போவோம். பாட்டுச் சத்தம் உரக்க இருக்கும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு குடும்பம், எதிரே ஓர் இளைஞர் அல்லது இளம்பெண். பேச்சு மிகவும் அன்பாகத் தொடங்கும். சொந்த ஊர் எது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், போன வருடம் எங்கே போனீர்கள், எவ்வளவு செலவானது, ஓட்டலில் என்ன குறை கண்டீர்கள், எந்த வங்கியின் கிரெடிட் கார்டு வைத்திருக்கிறீர்கள். கேட்பவருக்கு இந்த ஒவ்வொரு பதிலும் தேவை. எந்த ஆசையைத் தொடுவது, எவ்வளவு வரை கேட்பது என்பதை நம் வாயாலேயே நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிறகு கணக்கு வரும். வருடத்துக்கு இவ்வளவு, விலைவாசி ஏற ஏற இவ்வளவு, இருபத்தைந்து வருடத்தில் இத்தனை லட்சம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுவார்கள். அந்தப் பெரிய தொகை கண்ணில் பதிந்த பிறகுதான் விலையைச் சொல்வார்கள். முதலில் பார்த்த எண் அடுத்துப் பார்க்கும் எண்ணைப் பற்றிய நம் மதிப்பீட்டை இழுத்துவிடும் என்பதை ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் எழுதிய கட்டுரையில் ஆய்ந்து காட்டினார்கள். அந்த மேசையில் அது அப்படியே செயல்படுகிறது.

நாம் தயங்கினால் 'மேனேஜர்' வருவார். உங்கள் குடும்பத்தைப் பார்த்ததும் பிடித்துவிட்டது, எனவே ஒரு லட்சம் குறைத்துத் தருகிறேன் என்பார். ஆனால் இன்று மட்டும்தான், இந்த அறையை விட்டுப் போனால் பழைய விலை என்பார். அதே நேரத்தில் பக்கத்து மேசையில் கைதட்டல் கேட்கும், புதிதாய்ச் சேர்ந்த குடும்பத்தின் பெயரை மைக்கில் அறிவிப்பார்கள். தேநீரும் தின்பண்டமும் கொடுத்து, இரண்டு மணி நேரம் நம் பிள்ளைகளைப் பற்றி அக்கறையாக விசாரித்த ஒருவரிடம் "வேண்டாம் தம்பி" என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. விருந்தோம்பலுக்குக் கைம்மாறு செய்தே பழகிய மனம் நம்முடையது. ராபர்ட் சியால்டினி 1984இல் எழுதிய 'இன்ஃப்ளூயன்ஸ்' என்னும் நூலில் கைம்மாறு, தட்டுப்பாடு, பிறரைப் பார்த்துச் செய்தல் ஆகியவற்றை மனிதரை இணங்கவைக்கும் விசைகளாக விளக்கினார். அவை மூன்றும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் நம்மீது வேலை செய்கின்றன.

இப்படி மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி ஊர் சொல்வது ஒன்றே: பேராசை. இந்தச் சொல்லை நான் முழுமையாக மறுக்கிறேன். நுகர்வோர் மனு எழுதித் தரும் வேலையில் என்முன் வந்து உட்கார்ந்தவர்கள் ஆசிரியர்கள், செவிலியர்கள், அரசு அலுவலகப் பணியாளர்கள், தொழிற்சாலை மேற்பார்வையாளர்கள். அவர்களில் பலரைச் சிறுவயதில் யாரும் சுற்றுலா அழைத்துப் போனதில்லை. தம் பிள்ளைகளுக்காவது மலையைக் காட்டவேண்டும், வருடத்தில் ஒரு வாரமாவது மனைவி அடுப்படியிலிருந்து விடுபடவேண்டும் என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். அந்த விருப்பம் நல்ல விருப்பம். அதைப் பேராசை என்று நாம் பெயரிடும்போது, ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார். அவர் மௌனமாகக் கழிக்கும் ஒவ்வொரு நாளும் பணம் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

கணக்குக்கு வருவோம். அந்த அறையில் போட்ட கணக்கை நாம் நம் வீட்டு மேசையில் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக எண்களை நானே எடுத்துக்கொள்கிறேன். உறுப்பினர் கட்டணம் மூன்று லட்சம். 18 சதவீத ஜி.எஸ்.டி. 54,000. மொத்தம் 3,54,000 ரூபாய். பத்து வருடத் திட்டம், வருடத்துக்கு ஆறு இரவுகள். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் வரியோடு 12,000. நாம் போனாலும் போகாவிட்டாலும் இதைக் கட்டவேண்டும். பத்து வருடத்தில் மொத்தச் செலவு 4,74,000 ரூபாய். ஒரு வருடமும் விடாமல் அறுபது இரவுகளும் தங்கினால் ஓர் இரவுக்கு 7,900 ரூபாய் ஆகிறது. சாப்பாடும் பயணமும் தனி. பிள்ளைக்குப் பொதுத்தேர்வு, வீட்டில் ஒருவருக்கு உடல்நலக் குறைவு, கேட்ட தேதியில் இடமில்லை என்று பத்தில் நான்கு வருடம் மட்டுமே போக முடிந்தது என்று வையுங்கள். அப்போது ஓர் இரவுக்கு 19,750 ரூபாய்.

இன்னொரு பக்கமாகவும் பாருங்கள். அதே 3,54,000 ரூபாயை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருடத்துக்கு 24,780 ரூபாய் வரும். கட்டாமல் மிச்சமான பராமரிப்புக் கட்டணம் 12,000. இரண்டும் சேர்ந்து 36,780. ஆறு இரவுகளுக்கு வகுத்தால், ஓர் இரவுக்கு 6,000 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுத்து விரும்பிய ஊரில், விரும்பிய நாளில் தங்கலாம். வட்டிக்கு வருமான வரி உண்டு, ஓட்டல் வாடகையும் ஏறும், அசலின் மதிப்பும் காலப்போக்கில் குறையும். அவற்றையும் சேர்த்தே எண்ணுங்கள். ஆனால் பத்தாம் வருட முடிவில் அசல் நம் கணக்கில் இருக்கும். ஒரு வருடம் போகமுடியாமல் போனால் பணமும் நம்மிடமே இருக்கும். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். அந்த அறையில் இதைப் போட விடுவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து ஒப்பந்தம். பெரும்பாலும் வரிசை இப்படித்தான்: முதலில் கார்டைத் தேய்ப்பார்கள் அல்லது ஓ.டி.பி. கேட்பார்கள், பிறகு கட்டுக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், முழு ஒப்பந்தம் சில நாள் கழித்து மின்னஞ்சலில் வரும். அது ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும். அதில் நாம் தேடவேண்டியவை சில. கட்டணம் திருப்பித் தரப்படாது என்ற விதி. தங்கும் உரிமை இடம் இருப்பதைப் பொறுத்தது என்ற விதி. கோடை விடுமுறை, தீபாவளி, பொங்கல், ஆண்டிறுதி நாள்கள் நமக்கு உரிய பருவத்தில் சேருமா என்பது. எத்தனை மாதம் முன்பே பதிவு செய்யவேண்டும் என்பது. ஆண்டுக் கட்டணத்தை நிறுவனம் தன் விருப்பப்படி உயர்த்தலாம் என்ற விதி. எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பனையாளர் வாய்மொழியாகச் சொன்ன எதுவும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்ற விதி. இரண்டு மணி நேரம் கேட்ட அத்தனை வாக்குறுதிகளையும் அந்த ஒரு வரி அழித்துவிடுகிறது.

மறுநாள் 'வெல்கம் கால்' என்று ஓர் அழைப்பு வரும். விதிகள் எல்லாம் புரிந்ததா, மனமொத்துத்தான் சேர்ந்தீர்களா என்று கேட்பார்கள். "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க சார், அப்பதான் கார்டு ஆக்டிவேட் ஆகும்" என்று விற்பனையாளர் முன்பே சொல்லிவைத்திருப்பார். அந்த உரையாடல் பதிவாகிறது. பிறகு நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அந்தப் பதிவு உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். எனவே அந்த அழைப்பில் புரியாததைப் புரியவில்லை என்றே சொல்லுங்கள். சொன்ன வாக்குறுதி எழுத்தில் இல்லையென்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. கையெழுத்துப் போட்டாகிவிட்டது. வீட்டுக்கு வந்து யோசித்தால் தவறு என்று தெரிகிறது. என்ன செய்வது?

அன்றே செய்யுங்கள். நம் நாட்டில் விடுமுறை உறுப்பினர் ஒப்பந்தத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. இத்தனை நாளுக்குள் விலகினால் முழுப் பணமும் திரும்பத் தரவேண்டும் என்று சட்டம் வகுத்த மறுபரிசீலனைக் காலமும் இல்லை. சில நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தத்திலேயே சில நாள்கள் தருகின்றன. அது பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். இருந்தால் அந்த நாள்களுக்குள் கடிதம் போய்ச் சேரவேண்டும். இல்லையென்றாலும், ஒரு வாரத்துக்குள் எழுதிய கடிதத்துக்கும் ஒரு வருடம் கழித்து எழுதிய கடிதத்துக்கும் ஆணையத்தின் முன் உள்ள மதிப்பு வேறு.

தொலைபேசியில் சொல்லி நிறுத்திக்கொள்ளாதீர்கள். நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு மின்னஞ்சலிலும், சேர்ப்பித்த சான்றோடு விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். கடிதம் ஒரு பக்கம் போதும். உறுப்பினர் எண், சேர்ந்த நாள், இடம், கட்டிய தொகை, கட்டிய வழி. அங்கே என்ன சொன்னார்கள், ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது. கடைசியில் ஐயத்துக்கு இடமில்லாமல்: உறுப்பினர் திட்டத்தை ரத்து செய்கிறேன், கட்டிய பணத்தை இன்ன தேதிக்குள் இந்தக் கணக்குக்குத் திருப்புங்கள். 'பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதாதீர்கள். அது வேண்டுகோளாகத்தான் நிற்கும், ரத்துக் கடிதமாகாது.

பிறகு அழைப்புகள் வரும். நேரில் வாருங்கள், உங்கள் திட்டத்தை உயர்த்தித் தருகிறோம், இன்னும் கொஞ்சம் கட்டினால் நல்ல பருவம் கிடைக்கும் என்பார்கள். மேலும் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். பரிசு வவுச்சரையோ உறுப்பினர் அறையையோ பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை தங்கிவிட்டால் சேவையை ஏற்றுக்கொண்டீர்கள் என்று அவர்கள் வாதிடுவார்கள். மூல ஆவணங்களைக் கொடுத்துவிடாதீர்கள், நகலைக் கொடுங்கள். அழைப்புக் கூப்பன், கணக்கு எழுதிய தாள், வாட்ஸ்அப் செய்திகள், வங்கி அறிக்கை அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். மின்னணு ஆதாரங்களைத் தாக்கல் செய்ய பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்று தேவைப்படலாம். எனவே செய்திகளை அழிக்காமல் அதே செல்பேசியில் வைத்திருங்கள்.

கடன் வாங்கிக் கட்டியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நிறுவனத்தின் மீதுள்ள கோபத்தில் தவணையை நிறுத்திவிடுகிறார்கள். கடன் கொடுத்தது வேறொரு வங்கி அல்லது நிதி நிறுவனம். தவணை தவறினால் கடன் மதிப்பெண் சரியும். கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால், காசோலை திரும்புவதைப் போலவே வழக்குக்கு இடமுண்டு. ஆகவே கடன் கொடுத்தவருக்கும் தனியாக எழுதுங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அந்தப் பரிவர்த்தனையின் மீது வங்கியிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். செயலி வழிக் கடனென்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட காலத்துக்குள், அசலையும் அதுவரைக்கான வட்டியையும் கட்டி அபராதமில்லாமல் வெளியேறலாம். அசலை நாம்தான் புரட்டவேண்டும் என்றாலும், வருடக்கணக்கான வட்டி மிச்சமாகும்.

கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குச் செய்த பெரிய நன்மை, நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது. நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம், ஐந்து லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிடவேண்டும்.

"ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேனே" என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். கையெழுத்துக்கு மதிப்பு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அதுவே முடிவல்ல. பொய்யான தகவலை நம்பிக் கொடுத்த சம்மதத்தில் உருவான ஒப்பந்தத்தை, ஏமாந்தவர் விரும்பினால் ரத்து செய்யலாம் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அப்போது எழும் கேள்வி, உண்மையைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு வாய்ப்பு இருந்ததா என்பது. பணம் கட்டிய பிறகுதான் முழு ஒப்பந்தமும் வந்தது என்பதைத் தேதியோடு காட்டுவது இதனால்தான் முக்கியம். அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய அபராதம் எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே பெறமுடியும் என்கிறது. ஒருதலைப்பட்சமான விதிகள் கொண்ட ஒப்பந்தத்தில் வேறு வழியின்றிக் கையெழுத்திட்டவரை அந்த விதிகள் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் பயனீர் அர்பன் லேண்ட் வழக்கில் சொன்னது. அது வீடு வாங்கியவரின் வழக்கு. ஆனாலும் அந்த நியாயத்தை நம் மனுவில் எடுத்துக்காட்டலாம். நடுவர் மன்றத்துக்குத்தான் போகவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடப்படாது என்பதை எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் 2018இல் அதே நீதிமன்றம் உறுதிசெய்தது.

இன்னோர் எச்சரிக்கை. பணம் போன சில மாதங்களில் புதிய குரல் ஒன்று அழைக்கும். உங்கள் உறுப்பினர் உரிமையை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம், முதலில் வரியும் பதிவுச் செலவும் கட்டுங்கள் என்று சொல்லும். ஒருமுறை இழந்தவரைத் தேடிவந்து மறுமுறை பறிப்பது இது. மெக்சிகோவில் ஒரு போதைப்பொருள் கும்பல் அமெரிக்க முதியவர்களின் விடுமுறைப் பங்குகளைக் குறிவைத்து இதே மோசடியை நடத்தியதால், அதனோடு தொடர்புடைய நிறுவனங்கள்மீது 2023இல் அமெரிக்க நிதித்துறை தடை விதித்தது. முன்பணம் கேட்டு விற்றுத் தருவதாகச் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள்.

இதுவரை தனிமனிதர் செய்யவேண்டியதைச் சொன்னேன். ஆனால் இந்தச் சுமை முழுவதையும் தனிமனிதர்மீது ஏற்றுவது முறையாகாது. மற்ற நாடுகள் என்ன செய்திருக்கின்றன? அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இத்தகைய விடுமுறைப் பங்கு வாங்கியவர் 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். அந்த உரிமையை விட்டுத்தருவதாக எழுதி வாங்கினாலும் செல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் இதற்கென ஒரு சட்ட நெறியைக் கொண்டுவந்தது. தொழில் புதிய பெயர்களில் அதைச் சுற்றிக்கொண்டு போனது. எனவே 2008இல் விடுமுறைக் கழகங்களையும் சேர்த்து நெறியை விரிவாக்கினார்கள். அதன்படி 14 நாள் மறுபரிசீலனைக் காலம் உண்டு. அந்த நாள்களில் முன்பணம் வாங்குவதே தடை. விலகும் படிவத்தை வாங்குபவரிடம் கொடுக்கத் தவறினால், விலகும் காலம் ஒரு வருடமும் 14 நாளுமாக நீளும். நீண்டகாலக் கழகத் திட்டங்களில் மொத்தப் பணத்தையும் ஒரேயடியாக வாங்க முடியாது. ஆண்டுத் தவணைகளாகத்தான் வாங்கவேண்டும். இரண்டாம் தவணையிலிருந்து, தவணை கேட்டு அறிவிப்பு வந்த 14 நாளுக்குள் அபராதமின்றி வெளியேறலாம். அழைப்பிலேயே இது விற்பனைக் கூட்டம் என்று தெளிவாகச் சொல்லவேண்டும்.

அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் வாங்குபவருக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அறையில் பறிக்கப்பட்ட நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நம் நாட்டுக்கு இது புதிய கருத்தும் அல்ல. ஆயுள் காப்பீடு எடுத்தவர் பாலிசியைப் படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் விதித்திருக்கிறது. கடன் வாங்குபவருக்கு வட்டி, கட்டணம் அனைத்தையும் சுருக்கமாக, அவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. இணைய வணிகத்தில் போலி அவசரத்தைக் காட்டி வாங்கவைப்பது முறையற்ற செயல் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு நெறி வெளியிட்டது. திரையில் 'இன்னும் இரண்டே நிமிடம்' என்று பொய்யாகக் காட்டுவது தவறு என்றால், ஓட்டல் அறையில் ஒரு மனிதர் நேருக்கு நேர் அமர்ந்து அதையே சொல்வது எப்படிச் சரியாகும்? மூன்று லட்சம் கடனுக்குத் தமிழில் சுருக்கம் கேட்க முடிகிற நமக்கு, அந்தக் கடனை வைத்து வாங்கும் பத்து வருட ஒப்பந்தத்துக்கு அதைக் கேட்கும் உரிமை ஏன் இல்லை?

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 14 நாள், காரணம் கேட்காமல் விலகும் உரிமை சட்டத்தில் வேண்டும். அந்த 14 நாளும் பணம் வாங்கத் தடை வேண்டும். அழைப்பிலேயே இது விற்பனைக் கூட்டம் என்று சொல்லவேண்டும். விலை, ஆண்டுக் கட்டணம், பருவம், விலகும் முறை ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் வாங்குபவரின் மொழியில் எழுதித் தரவேண்டும். நேர்மையாகத் தொழில் செய்யும் எந்த நிறுவனமும் இவற்றுக்கு அஞ்சவேண்டியதில்லை. நல்ல திட்டம் இரண்டு வாரம் கழித்தும் நல்ல திட்டமாகத்தான் இருக்கும்.

சட்டம் வரும்வரை அதை நம் வீட்டு விதியாக வைத்துக்கொள்வோம். பரிசு என்று அழைத்துப் போகும் இடத்துக்குக் கார்டை எடுத்துப் போகாதீர்கள். யார் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். திட்டம் பிடித்திருந்தால் ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள், வீட்டுக்குக் கொண்டுவந்து படித்து, கணக்குப் போட்டுப் பாருங்கள். நகல் தரமாட்டோம், இன்று மட்டும்தான் என்றால் எழுந்து வாருங்கள். படித்துப் பார்க்க விடாத ஒப்பந்தத்தை மறுக்க வேறு காரணமே தேவையில்லை.

கோரிக்கைகளை மனுவாக எழுதி வைத்திருக்கிறோம். நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மத்திய நுகர்வோர் துறைக்கும் அனுப்பப்போகிறோம். வெளியே மேசையில் இருக்கிறது, படித்துப் பார்த்து உடன்பட்டால் கையெழுத்திடுங்கள். வீட்டில் யோசித்து நாளை வந்து கையெழுத்திட்டாலும் மகிழ்ச்சியே, நூலகம் திறந்திருக்கும். இங்கே இருப்பவர்களில் யாராவது அண்மையில் இப்படி ஒரு திட்டத்தில் சேர்ந்து யாரிடமும் சொல்லாமல் இருந்தால், தயவுசெய்து கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். வெட்கப்பட உங்களிடம் ஒன்றுமில்லை. ரத்துக் கடிதத்தை இன்றைக்கே, இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்து எழுதிவிடுவோம்.